முன்சில்லும் என் குரலும்

எங்கள் வீதியில் என் குரலைத் தெரியாதவர்கள் இல்லை. பகல் முழுக்க நூலகத்தில் இருந்துகொண்டு, சத்தம் போடாதையுங்கோ என்று மற்றவர்களுக்குக் கண்ணாலும் விரலாலும் சொல்லும் உத்தியோகம் எனக்கு. எட்டு மணித்தியாலம் அடக்கி வைத்த சத்தத்தை எங்கேயாவது இறக்கி வைக்கத்தானே வேண்டும்? பின்னேரம் வீட்டுப் படலையைத் திறக்கும்போதே தொடங்கிவிடுவேன். கொடியில் உடுப்பு அப்படியே கிடக்கிறது, கோழி அடைக்கவில்லை, வாளியில் தண்ணீர் வழிகிறது. என் கணவர் கடலுக்குப் போகிறவர், அதிகம் பேச மாட்டார். நான் ஆரம்பித்தால் அவர் வலையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். மகள் மட்டும் நின்று முழுவதையும் கேட்பாள். கேட்டுவிட்டுத் தான் நினைத்ததைச் செய்வாள்.

அவளுக்குப் பதினைந்து வயது நடக்கும்போது, பள்ளிக்கூடம் போய்வர என்று தகப்பன் ஒரு மவுண்டன் சைக்கிள் எடுத்துக் கொடுத்தார். தடித்த ரயர், கூடை இல்லை, கரியர் இல்லை, மட்காட் கூட இல்லை. இதில் புத்தகப் பையை எங்கே வைக்கிறது என்று நான் கேட்டேன். முதுகில் என்றாள். மழை பெய்தால் சேறு எங்கே அடிக்கும் என்று கேட்டேன். அதுவும் முதுகில்தான் என்றாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இது பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்த சாமான் இல்லை என்று.

எங்கள் ஊர் தீவின் தென்கரையில் இருக்கிறது. வேதக்கோயிலடியில் தொடங்கும் கொங்கிறீற் வீதி நேரே கடற்கரையில் போய் முடியும். இரண்டு பக்கமும் பனை, இடையிடையே கருவாடு காயும் பரண்கள், எங்கே நிற்பது என்று ஒரு யோசனையும் இல்லாமல் நடுவீதியில் நிற்கும் கழுதைகள். கரை நெடுகக் காற்றாலைகள் நிற்கின்றன. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றாலே நாலைந்து தெரியும். அவை சுற்றுவதை நாங்கள் இப்போது பார்ப்பதே இல்லை, சுவரில் இருக்கும் மணிக்கூட்டைப் போல ஆகிவிட்டன.

கடலிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. ஏதோ கோளாறு என்று மட்டும் தெரிந்தது, என்ன கோளாறு என்று பிடிபடவில்லை. கிட்ட வந்தபோதுதான் பார்த்தேன், அதன் முன்சில்லு நிலத்தில் இல்லை. காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. சீற்றில் இருந்து, கைகளை நீட்டி, பின்னுக்குச் சாய்ந்து, நிதானமாக மிதித்துக்கொண்டு வந்தது என் மகள். என்னைக் கண்டதும் சில்லை இறக்கி, மணியடித்துவிட்டுப் போனாள். நான் என் லேடீஸ் சைக்கிளோடு வீதியோரம் நின்றேன்.

அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். எந்த நாட்டுப் பிள்ளைகளோ, மதிலுக்கு மேலெல்லாம் ஓடினார்கள். மிதித்துக்கொண்டே முன்சில்லைத் தூக்கி ஓடுவது வீலி என்றாள். மிதிக்காமல், எழும்பி நின்று, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, உருளுகிற வேகத்திலேயே தூக்கிக்கொண்டு போவது மனுவல் என்றாள். வீலியை விட மனுவல் கஷ்டம், ஆனால் வடிவு என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் பல்லுப் போகும் என்று சொன்னேன்.

ஆனால் அவள் விடவில்லை. ஆனி, ஆடி, ஆவணி முழுக்க ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளைக் கடற்கரை வரைக்கும் உருட்டிக்கொண்டு போவாள். அங்கே திருப்பி ஏறி, கோயில் பக்கமாக ஓடி வருவாள். ஏன் ஒரு பக்கமாக மட்டும் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது என்னவென்று தீவுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. சோளகம் மூஞ்சியில் அடித்தால் நாங்களே இறங்கி உருட்டித்தான் வேலைக்குப் போவோம். காற்று பின்னுக்கு நின்றால்தான் ஓட்டம். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை பழகியிருந்தாலும் அந்தப் பக்கமாகத்தான் பழகியிருக்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, ஆர் ஆர் பார்க்கினம் என்ற நினைப்பு. பெண்பிள்ளை, வயது வந்த பிள்ளை, நடுவீதியில் ஒற்றைச் சில்லில் போகிறாள். நூலகத்தில் உலகத்துப் புத்தகமெல்லாம் அடுக்குகிறவள்தான் நான். ஆனாலும் படலைக்கு வெளியே நாலு பெண்கள் நின்று பார்த்தால் என் முகம் சுட்டது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளாகக் காற்று விழுந்து, பொல்லாத வெக்கை. கோயிலுக்குள் மின்விசிறிகள் சுற்றியும் சாறி முதுகில் ஒட்டிக்கொண்டது. கடல் செத்துக் கிடக்கு என்று சொல்லிக்கொண்டு கணவர் அன்று பூசைக்கு வந்திருந்தார். பூசை முடிந்ததும் மகள் முதலே வீட்டுக்கு ஓடிவிட்டாள். நான் அயலட்டைப் பெண்கள் நாலைந்து பேரோடு கதைத்துக்கொண்டு வீதியில் இறங்கினேன். காற்றாலைகள் கையை விரித்தபடி சும்மா நின்றன.

கடற்கரைப் பக்கமிருந்து அவள் வந்தாள். சட்டையை மாற்றிக் காற்சட்டையோடு வந்திருந்தாள். எங்களுக்கு முன்னால், ஐம்பது அடி தூரத்தில், முன்சில்லைத் தூக்கினாள். எனக்குப் பக்கத்தில் வந்த பெண் சொன்னாள்:

"இது உங்கட பிள்ளையெல்லே அக்கா? பொடியள் மாதிரியெல்லோ திரியுது."

அவ்வளவுதான். எட்டு மணித்தியாலம் அல்ல, எட்டு மாதம் அடக்கி வைத்ததுபோல ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது.

"இறக்கடி சில்லை! இறக்கடி எண்டுறன்!"

நான் கத்தி முடிக்கவும் சைக்கிள் அவளுக்கு மேலாகப் பின்பக்கம் சரியவும் சரியாக இருந்தது. இடது கையை ஊன்றினாள். அந்தக் கை மணிக்கட்டில் மடங்கியதை நான் பார்த்தேன். வீதியில் சைக்கிளின் சில்லு மட்டும் டிக் டிக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் முறிந்த கைக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"எல்லாம் சரியாத்தான் செய்தனான். எல்லாம் சரியாத்தான் செய்தனான் அப்பா."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தகப்பனைப் பார்த்துச் சொன்னாள். அவள் எல்லாம் சரியாகச் செய்தாள் என்றால் பிழை செய்தது ஆர்? அதை ஒருவரும் எனக்கு எடுத்துச் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஆனாலும் சொன்னார்கள். காற்றே இல்லாத அந்தக் காலையில் என் குரல் கோயிலடியிலிருந்து கடற்கரை வரை கேட்டிருந்தது. தாய் கத்தின கத்திலதான் பிள்ளை வெருண்டு விழுந்தது என்று கடையில் கதைத்தார்கள். நூலகத்துக்குப் பேப்பர் வாசிக்க வருகிற பெரியவர் கூட, இனியாவது சத்தத்தைக் குறையுங்கோ பிள்ளை என்று எனக்கே புத்தி சொன்னார். எனக்கு அழுகையும் வந்தது, அவரை நூலகத்தை விட்டுத் துரத்தலாம் போலவும் வந்தது.

ஆறு கிழமையில் மாவை வெட்டி எடுத்தார்கள். கை நேராகப் பொருந்தியிருந்தது. பின்சில்லு வளைந்துபோன சைக்கிளை, பக்கத்துத் தாராபுரத்தில் சைக்கிள் திருத்துகிற, எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் நானே கொண்டுபோனேன். அவர் சில்லைச் சுற்றிப் பார்த்து, கம்பி கம்பியாகத் திருகி, ஓட்டம் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது பின் பிறேக்கை அமத்திக் காட்டினார்.

"இந்தக் கட்டை தேயவே இல்லையே தங்கச்சி. பிள்ளை பின் பிறேக் பிடிக்கிறதே இல்லையோ?"

எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. தேயாதது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு உருட்டி வந்தேன்.

சைக்கிள் வந்து குசினிச் சுவரில் சாய்ந்தது. மகள் அதைத் தொடவில்லை. விடியவே எழும்பி பஸ்ஸுக்கு நடந்தாள். பின்னேரம் வந்து படித்தாள். நான் உடுப்பு எடு என்று சொல்ல முதலே எடுத்தாள், கோழியை அடைத்தாள், வாளியை மூடினாள். நான் கத்துவதற்கு வீட்டில் ஒன்றுமே மிச்சம் இருக்கவில்லை. எத்தனை வருசமாக நான் ஆசைப்பட்ட பிள்ளை அது. கிடைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று பல நாள் வாயைத் திறந்தேன். ஏசுவதற்கு எனக்குச் சொல் தேடத் தேவையில்லை, அது தானாக வரும். மற்றதற்கு நாக்குத் திரும்பவே மாட்டேன் என்றது. "பிள்ளை..." என்று கூப்பிடுவேன். "என்னம்மா?" என்று வருவாள். "தேத்தண்ணி குடிச்சியோ?" என்று கேட்பேன். ஒரே பின்னேரத்தில் மூன்று தரம் கேட்டிருக்கிறேன்.

மழை விட்டு, தை மாதம் வாடைக்காற்று நன்றாக எழும்பியிருந்தது. ஒரு சனிக்கிழமை கணவருடைய பழைய விளையாட்டுக் காற்சட்டையைப் போட்டேன். அவருடைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தேன். சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போனேன். நாற்பத்து நாலு வயது, இரண்டு முழங்காலிலும் நோ. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் திரும்ப இந்தச் சைக்கிளில் ஏற வேண்டும். ஏறச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால் நான் ஏறினேன்.

மிதித்தேன், ஹாண்டிலைப் பிடித்து இழுத்தேன். முன்சில்லு அசையவில்லை. சைக்கிளோடு நான்தான் வேலிப் பக்கம் போனேன். திரும்ப இழுத்தேன். ஒரு கழுதை நின்று என்னைப் பார்த்தது. வலை தைத்துக்கொண்டிருந்த கணவரும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனுசனின் பேசாத குணத்துக்கு அன்றுதான் நன்றி சொன்னேன், மனதுக்குள். ஆறாவது தரமோ ஏழாவது தரமோ இழுத்தபோது படலையிலிருந்து குரல் வந்தது.

"கையால இழுக்கக் கூடாது அம்மா."

நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் உள்ளே போய்விடுவாள் என்று பயம்.

"பின்னை எதால இழுக்கிறது?"

"இழுக்கிறதே இல்லை. முன்னுக்குக் குனிஞ்சு, ஒரு மிதி அமத்தி மிதிச்சு, அதோட பின்னுக்குச் சாயோணும். பாரம் பின்னுக்குப் போனாச் சில்லு தன்ர பாட்டில எழும்பும். ஒரு விரல் பின் பிறேக்கில இருக்கோணும். பின்னுக்குப் போற மாதிரி இருந்தா அதை மெல்லத் தொட்டாச் சில்லு இறங்கும்."

அப்படித்தான் பாடம் தொடங்கியது. வாடை கோயில் பக்கமிருந்து வீசும். ஆகவே இந்தமுறை கோயிலடியிலிருந்து கடற்கரைப் பக்கமாக ஓடினேன். முதுகில் காற்று. அதையும் நான் யோசித்துச் செய்யவில்லை, கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம். மகள் பக்கத்தில் ஓடிவருவாள், சைக்கிளைப் பிடிப்பாள், விழுந்தால் தூக்கி நிறுத்துவாள், செயின் கழன்றால் மாட்டுவாள். ஏறு என்றால் மட்டும் மாட்டாள்.

"கை நோகுதோ?"

"இல்லை."

"பின்னை?"

"நீங்கள் ஓடுங்கோ."

மனுவலை அவள் எனக்குச் சொல்லித்தந்த விதம் இன்றும் நினைவிருக்கிறது. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் வைத்து எழும்பி நிற்க வேண்டும். முழங்காலை மடக்கிக் கீழே பதிந்து, பின்னால் ஒரு கதிரை இருக்கிறது என்று நினைத்து அதில் இருக்கப் போக வேண்டும். கதிரை இல்லை என்று தெரிந்தும் இருக்கப் போக வேண்டும். கை நீண்டதும் சில்லு எழும்பும். அலையில் வள்ளம் மூக்கைத் தூக்கும்போது முன் அணியத்தில் நிற்கிறவர்கள் காலால் சமாளிப்பார்களே, அதுமாதிரிக் காலாலும் இடுப்பாலும் சமாளிக்க வேண்டும். எனக்கு அந்த இல்லாத கதிரையில் இருக்கும் தைரியம் வர மூன்று கிழமை எடுத்தது. இடுப்பில் எண்ணெய் தேய்க்காத இரவு இல்லை.

வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். படலைகளில் நின்றார்கள். கோயிலால் வந்த பெண்கள், தவக்காலத்தில இது என்ன கூத்து அக்கா என்றார்கள். இதைவிடப் பெரிய ஒறுத்தல் உங்களில் ஆர் செய்யிறியள் என்று கேட்டேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முகம் சுடவில்லை. ஐப்பசியில் என்னைக் கத்த வைத்தது இந்தக் கண்கள்தான். இவ்வளவு லேசாகச் சமாளிக்கக்கூடிய கண்களுக்காகவா என் பிள்ளையின் கையை முறித்தேன் என்று நினைத்தபோது, சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று கடற்கரையில் கவிழ்த்து வைத்த வள்ளத்தில் இரண்டு பேரும் இளைப்பாற இருந்தோம். காற்று எங்கள் முதுகில் மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நான் கத்தினதாலதானே விழுந்தனீ. பயத்தில கத்தேல்லை பிள்ளை. வெக்கத்தில கத்தினனான். அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு."

அவள் காலால் மணலைக் கிண்டினாள். பிறகு சொன்னாள்:

"உங்கட சத்தத்துக்கு நான் விழுறதெண்டா, பிறந்த நாளில இருந்து நான் எழும்பியே இருக்க மாட்டன் அம்மா."

"பகிடி விடாதை."

"உண்மையாத்தான். நீங்கள் கத்தினது கேட்டது. கேக்க முதலே சைக்கிள் பின்னுக்குப் போயிட்டுது. ஏன் போனதெண்டு எனக்குத் தெரியேல்லை. எல்லாம் சரியாத்தான் செய்தனான். அதுதான் ஏறப் பயமாக் கிடக்கு. பிழை எதெண்டு தெரிஞ்சாத் திருத்தலாம். ஒண்டும் பிழை இல்லாம விழுந்தா, பிறகும் அப்படித்தானே விழுவன்?"

நான் அவளை நம்பவில்லை. தாயின் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கோபமாக இருந்திருந்தால் அதைத் தாங்கியிருப்பேன். பதினைந்து வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்வது அதைவிட நொந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்டாயிற்று. சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு உடம்பு லேசாகத்தான் இருந்தது. அடுத்த நாள் முதல்முறையாக நாலு மிதி தொடர்ந்து ஓடினேன்.

மாசி முடியும்போது எட்டு மிதி, பத்து மிதி என்று வந்தது. மனுவலில் ஒரு வள்ளத்தின் நீளம் போவேன். பின்னுக்குச் சாயும்போது பயமே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஆரோ உள்ளங்கையை வைத்துத் தாங்குவது போல இருக்கும். விரல் பின் பிறேக்கில்தான் இருந்தது, ஆனால் அதை அமத்த வேண்டிய தேவை வந்ததே இல்லை. அதைப் பழக்கத்தின் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளபடி எனக்குப் பெருமைதான்.

பங்குனி நடுவில் ஒரு பின்னேரம். சிலுவைப்பாதைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. வெக்கையில் ஹெல்மெட்டுக்குள் வேர்வை கண்ணுக்குள் ஓடியது. வழக்கமான இடத்தில் தொடங்கினேன். குனிந்தேன், ஒரு மிதி, சாய்ந்தேன். சில்லு வடிவாக எழும்பியது. இரண்டாவது மிதி, மூன்றாவது மிதி. எப்போதும் சாயும் இடத்துக்குச் சாய்ந்தேன். அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. பிறேக்கை அமத்த வேண்டும் என்று மூளை சொல்ல முதல் நான் வீதியில் மல்லாந்து கிடந்தேன். சைக்கிள் எனக்கு மேலால் பாய்ந்து போய் வேலியில் முட்டியது.

இடுப்புக்குப் பின்னால், நாரியில் குத்தியது. தலை ஹெல்மெட்டோடு ஒருதரம் எகிறி விழுந்தது. மகள் ஓடி வந்தாள்.

"அம்மா! எங்க அடிபட்டது? கையை அசையுங்கோ. காலை அசையுங்கோ."

எல்லாவற்றையும் அசைத்தேன். அசைந்தன. நோவை விட எனக்குக் கோபம்தான் வந்தது.

"என்ன இது! எல்லாம் சரியாத்தானே செய்தனான்!"

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒருவரும் கத்தவில்லை. வீதியில் ஒரு குஞ்சு குருமான் கூட இல்லை. பிறகு ஏன் விழுந்தேன்?

மல்லாந்து கிடந்தபடியே வானத்தைப் பார்த்தேன். பனையோலை அசையவில்லை. அதற்கு அப்பால் காற்றாலைகள் கையை விரித்தபடி சும்மா நின்றன. மகளும் என் கண் போன பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"அண்டைக்கும் காத்து இல்லை அம்மா."

நான் எழும்பி இருந்தேன். அவள் வீதியில் என் பக்கத்தில் குந்தினாள். விரலால் தூசியில் கோடு போட்டுக் கணக்குப் பார்ப்பதுபோலக் கதைத்தாள். சோளகத்தில் கடற்கரையிலிருந்து வந்தனான், காற்று முதுகில. நீங்கள் வாடையில கோயிலடியிலிருந்து வந்தனீங்கள், காற்று முதுகில. காற்றில சாய்ஞ்சுதான் ரெண்டு பேரும் பழகினனாங்கள். அளவுக்கு மிஞ்சிச் சாய்ஞ்சாலும் அது தாங்கிச்சுது. தாங்கினபடியால் பிறேக்கைத் தொட்டதே இல்லை. தேயாத பிறேக்கைக் காட்டி நானா கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சத்தம் கேட்டு வந்த கணவரிடம் அவள் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். முப்பது வருசமாகக் காற்றைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிற மனுசன். அண்டைக்குக் கடல் செத்துக் கிடக்கு என்று வாயால் சொன்னவரே அவர்தான். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அட, எனக்கும் தோன்றேல்லையே" என்றார்.

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முதல் அழுகை வந்தது. ஐந்து மாதமாக நான் சுமந்து திரிந்தது என்னுடையதே இல்லை. அவளும் அப்படித்தான், காரணம் தெரியாத ஒரு பயத்தைச் சுமந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என் குரலில்தான் பிழை என்று நானும், தன் உடம்பில் பிழை என்று அவளும் இருந்திருக்கிறோம். நான் விழுந்திராவிட்டால் இன்னும் அப்படியே இருந்திருப்போம். நடுவீதியில் இருந்து அழுதேன். ஆர் பார்த்தார்களோ எனக்குத் தெரியாது.

மகள் வேலியில் கிடந்த சைக்கிளை எடுத்தாள். ஹாண்டிலை நேராக்கினாள். என் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் போட்டாள்.

ஏறினாள். முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கினாள், உடனே பின் பிறேக்கைத் தொட்டு இறக்கினாள். திரும்ப ஒரு சாண். அன்று சிலுவைப்பாதை மணி அடிக்கும் வரைக்கும் தூக்குவதும் இறக்குவதுமாகவே இருந்தாள். காற்று விழுந்திருந்த அந்த மூன்று கிழமையும் விடாமல் பழகினாள். எங்கே சாய்வதை நிறுத்த வேண்டும் என்று தானே தேடிப் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஓடினாள், கோயிலடிக்கும் கடற்கரைக்கும். நான் வீதியோரம் நாரிக்கு ஒத்தடம் பிடித்துக்கொண்டு நின்றேன். பின் பிறேக் கட்டை தேயத் தொடங்கியது.

உயிர்த்த ஞாயிறு காலை. பூசை முடிந்து ஊர் முழுக்க வீதியில் நின்றது, புது உடுப்பும் வாழ்த்துமாக. காற்று ஒரு சொட்டும் இல்லை. ஐப்பசியில் நின்ற அதே பெண்கள், அதே இடம். கடற்கரைப் பக்கமிருந்து மகள் சைக்கிளில் வந்தாள். எனக்கு முன்னால் நிறுத்தினாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிந்தது.

"அம்மா, நான் திரும்பி வருவன். அண்டைக்குக் கத்தின மாதிரிக் கத்துங்கோ."

"விசரே உனக்கு?"

"கத்துங்கோ. அண்டைக்குச் சொன்னதையே சொல்லுங்கோ."

போய்விட்டாள். தூரத்தில் திரும்பினாள். குனிந்தாள், மிதித்தாள், முன்சில்லு எழும்பியது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறவள் நான். அவள் என்னைக் கடந்து போய்ச் சில்லை இறக்கி, காலை ஊன்றி நின்றாள்.

"கத்துங்கோ எண்டெல்லே சொல்லுறன்!"

அது என்னுடைய குரல்தான். அதே உயரம், அதே கோபம். பக்கத்தில் நின்ற பெண்கள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் திரும்பக் கடற்கரை வரைக்கும் போனாள். திரும்ப வந்தாள். ஐம்பது அடியில் சில்லைத் தூக்கினாள். நான் கண்ணை மூடவில்லை. நெஞ்சில் இருந்த அவ்வளவு காற்றையும் சேர்த்துக் கத்தினேன்.

"இறக்கடி சில்லை! இறக்கடி எண்டுறன்!"

கோயில் முற்றத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். ஒரு கழுதை வெருண்டு வேலிக்குள் பாய்ந்தது. என் மகள் ஒற்றைச் சில்லில், ஒரு விரல் பின் பிறேக்கில், நிதானமாக மிதித்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். நான் இன்னும் பலத்துக் கத்தினேன். அவள் இறக்கவேயில்லை.